காவலுக்கு அளவு எது?

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற சிறப்புரையின் எழுத்து வடிவம்)



வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து வேலையின் பொருட்டும் பிள்ளைகளின் கல்வியின் பொருட்டும் தாம்பரத்திற்கும் அதனைச் சூழ்ந்த புறநகர்களுக்கும் குடிபெயர்ந்த தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பல. அவர்கள் குடியேறிய இடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். கிழக்குத் தாம்பரத்தில் விமானப்படைத் தளம் உள்ளது. 1954 முதல் விமானிகளுக்குப் பயிற்சி தரும் ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி அங்கேதான் இயங்குகிறது. வடக்கே பல்லாவரமும் பரங்கிமலையும் கன்டோன்மென்ட் பகுதிகள். பரங்கிமலையில் இராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகம் இருக்கிறது. காலையில் நீராடிப் பஞ்ச நமஸ்கார மந்திரம் ஓதும் வேளையில், கூரைக்கு மேலே பயிற்சி விமானத்தின் ஓசை கேட்கிறது. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட குடும்பம் படைத்தளத்தின் மதிலோரத்தில் வாழ்கிறது.

ஆதலின், ஒரு நாடு தன் படைச் செலவைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா என்னும் வினாவைத் தில்லிக்கு உரியது என்று ஒதுக்கிவிட இயலாது. அது இப்பகுதிச் சமணரின் வீட்டு வாசலில் நிற்கும் வினா.

முதலில் செலவின் அளவைக் காண்போர் தெளிவு பெறுவர். 2025-26ஆம் ஆண்டு ஒன்றிய வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சகத்திற்கு ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ ₹6.81 லட்சம் கோடி. முந்தைய ஆண்டு ஒதுக்கீட்டைவிட இது 9.5 விழுக்காடு மிகுதி. மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் ₹4,800. நாளொன்றுக்கு 13 ரூபாய். தொட்டிலில் உறங்கும் குழந்தையும் இக்கணக்கில் அடங்கும்.

இத்தொகை முழுவதும் பீரங்கியும் போர் விமானமும் வாங்கச் செல்வதில்லை. ஏறத்தாழ ₹1.61 லட்சம் கோடி ஓய்வூதியம். ஏறத்தாழ ₹3.12 லட்சம் கோடி ஊதியம், உணவு, எரிபொருள், பராமரிப்பு முதலியவற்றிற்கானது. புதிய கருவிகளுக்கும் கட்டுமானத்திற்கும் ஒதுக்கப்பட்டது ₹1.80 லட்சம் கோடி. எனவே, "பாதியாகக் குறையுங்கள்" என்று எளிதாகச் சொல்பவர், யாருடைய ஓய்வூதியத்தைக் குறைப்பது என்பதற்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவர்.

கூட்ட வேண்டும் என்போரின் வாதத்தை நேர்மையாகக் கேட்பது அநேகாந்த நெறி. அவர்கள் முதலில் சுட்டுவது 1962. இமயத்தின் கடுங்குளிரில் பருத்தி உடையும் கித்தான் காலணியும் அணிந்து, பழைய துப்பாக்கிகளுடன் இந்திய வீரர்கள் சீனப் படையை எதிர்கொண்டனர். அதற்குமுன் நாட்டின் உற்பத்தி மதிப்பில் 2 விழுக்காட்டை ஒட்டியிருந்த படைச் செலவு, அப்போருக்குப் பின் ஏறத்தாழ இருமடங்காயிற்று. தேசியப் பாதுகாப்பு நிதி தொடங்கப்பெற்றது. பெண்கள் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தனர். இன்று பரங்கிமலையில் உள்ள பயிற்சிக் கழகம் அப்போரின் விளைவாகவே 1963 ஜனவரியில் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கப்பெற்றது. முன்னரே செலவிட்டிருந்தால் பல உயிர்கள் பிழைத்திருக்கும் என்பது அவர்களது வாதம். அதில் உண்மை உண்டு.

இரண்டாவது சான்று தாம்பரத்திலேயே உள்ளது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரம் தளத்திலிருந்து போர்ட் பிளேயர் நோக்கிப் புறப்பட்ட ஏ.என்.32 விமானம், 29 பேருடன் வங்கக் கடலின்மேல் மறைந்தது. வாரக்கணக்கில் தேடியும் எதுவும் கிட்டவில்லை. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா ஆழ்கடல் ஊர்தி, சென்னைக் கரையிலிருந்து ஏறத்தாழ 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படம் எடுத்தது. அச்செய்தி வெளியானது 2024 ஜனவரியில். ஏழரை ஆண்டுகள் 29 குடும்பங்கள் செய்தியின்றிக் காத்திருந்தன. அவ்வகை விமானங்களை இந்தியா பெறத் தொடங்கியது 1980களில். பழையன கழித்துப் புதியன வாங்குவதற்கும், ஓட்டுபவர் உயிரைக் காக்கும் கருவிகளுக்கும் ஆகும் செலவைப் போர்வெறி என்று இகழ்தல் தகுமா?

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று நீரில் மூழ்கியபோது படகுகளில் வந்தவர்களுள் படைவீரர்களும் இருந்தனர். படையின் பணி கொலை மட்டுமே என்று சொல்வது உண்மைக்கு மாறானது.

இனி, குறைக்க வேண்டும் என்போரின் வாதம். ஸ்டாக்ஹோம் நகரத்து அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2024இல் உலக நாடுகளின் மொத்தப் படைச் செலவு 2.7 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. ஓராண்டில் 9.4 விழுக்காடு உயர்வு. மிகுதியாகச் செலவிடும் நாடுகளின் வரிசையில் இந்தியா ஐந்தாவது. ஒரு நாடு அஞ்சிச் செலவைக் கூட்டுகிறது. அதைக் கண்டு அண்டை நாடு அஞ்சித் தானும் கூட்டுகிறது. அதைக் கண்டு முதல் நாடு மீண்டும் கூட்டுகிறது. முடிவில் இருவரும் முன்னிலும் மிகுதியாக அஞ்சுகின்றனர். ஆசைக்கு எல்லையில்லை என்று ஜினர் உரைத்தது பொன்னுக்கும் நிலத்திற்கும் மட்டும் பொருந்துவதன்று, அச்சமும் அத்தகையதே.

கடலுக்கு அப்பால் இலங்கையைப் பாருங்கள். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. ஆனால் படை சுருங்கவில்லை. 2022இல் அந்நாடு வெளிக்கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அறிவித்து, மருந்துக்கும் எரிபொருளுக்கும் மக்கள் அலைந்தபோதும் இராணுவத்தின் அளவு இரண்டு லட்சம். 2023 ஜனவரியில்தான், அதனை 2030க்குள் ஒரு லட்சமாகக் குறைப்போம் என்று அரசு அறிவித்தது. போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தும் குறைக்க மனம் வராமல், கருவூலம் வறண்ட பிறகே அம்முடிவு வந்தது. தானே முன்வந்து அளவிட்டுக்கொள்ளாதவனுக்கு வறுமை அளவிட்டுத் தரும்.

தாம்பரத்தில் படைத்தளத்தைவிடப் பழைமையானது சானடோரியம். காசநோயாளருக்காக 1928இல் மருத்துவர் சௌரி முத்து நிறுவிய அம்மருத்துவமனை, இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது. ஓர் இரயில் நிலையத்திற்கே அது பெயர் தந்தது. ஒன்றிய அரசின் 2025-26ஆம் ஆண்டு சுகாதார ஒதுக்கீடு ஏறத்தாழ ₹1 லட்சம் கோடி; பாதுகாப்பு ஒதுக்கீட்டில் ஏழில் ஒரு பங்கு. இவ்வொப்பீட்டைச் சொல்வோர் ஒன்றை மறைத்தல் கூடாது. மருத்துவச் செலவின் பெரும்பகுதியை மாநில அரசுகள் ஏற்கின்றன. படைச் செலவை ஒன்றிய அரசு ஒன்றே ஏற்கிறது. அதனைக் கழித்துப் பார்த்தாலும் வினா எஞ்சுகிறது: எல்லையில் வருவோனிடமிருந்து காப்பது காவல் எனில், நுரையீரலில் வரும் நோயிடமிருந்து காப்பது காவல் ஆகாதா?

இரு பக்கமும் உண்மை இருக்கையில், சமண நெறி தரும் அளவுகோல் யாது?

நம் ஆசிரியர்கள் இம்சையை நான்காக வகுத்தனர். கொல்ல வேண்டும் என்று எண்ணிச் செய்வது சங்கல்பம். சமைத்தல், பெருக்குதல் போன்ற இல்லற வினையில் நேர்வது ஆரம்பம். உழவு, வாணிகம் முதலிய தொழிலில் நேர்வது உத்தியோகம். தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் தாக்க வருவோரைத் தடுக்கையில் நேர்வது விரோதம். துறவி நான்கையும் விடுகிறார். இல்லறத்தார் முதலாவதை முற்றிலும் விட வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை சுருக்க வேண்டும். மாவினால் செய்த கோழியைப் பலியிட்டதற்கே அசோதரன் பல பிறவிகளில் துன்புற்றான் என்று யசோதர காவியம் கூறுவது, எண்ணமே இம்சையின் வேர் என்பதை உணர்த்தத்தான். மறுபுறம், சாந்திநாதர், குந்துநாதர், அரநாதர் ஆகிய தீர்த்தங்கரர் மூவரும் துறவுக்குமுன் சக்கரவர்த்திகளாக இருந்து நாடு காத்தவர்கள். சிரவணபெளகொளாவில் பாகுபலியின் பேருருவை நிறுவிய சாமுண்டராயர் கங்க மன்னரின் படைத்தலைவர். ஆகவே, நாட்டுக்குக் காவலே வேண்டா என்பது இல்லறத்தாருக்கு உரைக்கப்பெற்ற அறமன்று.

ஆனால் அச்சிலை யாருடையது? ஸ்ரீபுராணம் கூறும் வரலாற்றை இங்குள்ளோர் அறிவர். பரதனும் பாகுபலியும் பெரும்படைகளுடன் எதிர்நின்றபோது இருதரப்பு அமைச்சர்களும் கூடிப் பேசினர். இவ்விருவரின் பகைக்காக எண்ணற்ற வீரர் மடிய வேண்டுமா என்று வினவினர். பார்வைப் போர், நீர்ப்போர், மற்போர் என மூன்றனுள் அண்ணனும் தம்பியும் மட்டுமே மோதுவது என முடிவாயிற்று. படைகள் நின்று பார்த்தன. ஒரு வீரனும் மடியவில்லை. மூன்றிலும் வென்ற பாகுபலி, வென்ற நிலத்தை அண்ணனிடமே விட்டுத் தவம் மேற்கொண்டார்.

இவ்வரலாற்றைச் சொல்வோர் பாகுபலியின் துறவைப் போற்றுவர், அமைச்சரை மறந்துவிடுவர். அன்று இரு படைகளையும் காத்தது அவர்களது சொல். இன்றைய நாட்டில் அவ்வமைச்சரின் இடத்தில் இருப்பது வெளியுறவுத் துறை. அதற்கு 2025-26இல் ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ ₹20,500 கோடி. வாளுக்கு முப்பத்து மூன்று ரூபாய் எனில் சொல்லுக்கு ஒரு ரூபாய். ஒரு செலவை உடனே கூட்ட வேண்டுமாயின், அதுவே முதலில் கூட்டத்தக்கது.

அடுத்து, பொருள் வரைதல் என்னும் அணுவிரதம். இல்லறத்தான் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அது கூறவில்லை. "இவ்வளவு போதும்" என்று முன்கூட்டியே தானே எல்லை வகுத்து, அதனைக் கடவாதிருக்கச் சொல்கிறது. நாட்டுக்கும் அது பொருந்தும். ஐந்தாண்டுக்கு இவ்வளவு என்று வரம்பு கூறி, எந்த இடருக்கு எக்கருவி என்று காரணம் காட்டி, வரம்பைத் தாண்ட நேரின் நாடாளுமன்றத்தில் விளக்கம் தருதல் வேண்டும். பல அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகள் நேரமின்மையால் விவாதமின்றியே நிறைவேறுவது இன்றைய வழக்கம். விவாதமின்றி ஏறும் செலவு விரதமின்றி வளரும் ஆசையே. வீரனின் உடை, கவசம், மருத்துவம், பழைய விமானத்திற்கு மாற்று, உயிர்நீத்தோர் குடும்பத்தின் ஓய்வூதியம் ஆகியவற்றில் கைவைத்தல் ஆகாது. அண்டை நாட்டான் வாங்கினான் என்பதற்காகவே வாங்குபவை முதலில் வெட்டப்பட வேண்டும்.

மூன்றாவது, பலரும் பேசத் தயங்கும் ஒன்று. 2013-14இல் ₹686 கோடியாக இருந்த இந்தியாவின் படைக்கல ஏற்றுமதி, 2024-25இல் ₹23,622 கோடியாயிற்று. 2029க்குள் ₹50,000 கோடி என்பது இலக்கு. தமிழ்நாட்டில் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி நகரங்களை இணைத்துப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் அமைந்துள்ளது. பொறியியல் பயின்ற சமண இளைஞருக்கும் அங்கே வேலை கிடைக்கக்கூடும். விற்பதனால் உள்நாட்டுச் செலவு குறையும். நட்பு நாடும் தன்னைக் காத்துக்கொள்ளும் என்பர். எனினும், இரத்தினகரண்டக சிராவகாசாரமும் அதன் வழிவந்த அருங்கலச்செப்பும் கூறும் குணவிரதங்களுள் அனர்த்ததண்ட விரதம் ஒன்று. வாள், கோடரி, நெருப்பு, நஞ்சு போன்ற கொலைக் கருவிகளைப் பிறருக்கு வழங்குதல் இம்சாதானம் என்று அவ்விரதம் விலக்குகிறது. தன் வீட்டுக் கதவுக்குத் தாழிடுவது வேறு. யார்மீது விழும் என்று அறியாமல் வாளை விற்பது வேறு. தற்காப்பு என்னும் விலக்கு விற்பனைக்குப் பொருந்தாது. இவ்விடத்தில் சமணரின் குரல் தெளிவாக ஒலிக்க வேண்டும்.

இறுதியாக, இவ்வினா ஒரு வீட்டிற்குள் நுழையும் நாளை எண்ணிப் பாருங்கள். ஒரு மகனோ மகளோ, "பரங்கிமலையில் பயிற்சிக்குச் சேர விரும்புகிறேன்" என்றால் பெற்றோர் என் செய்வர்? தாம்பரத்துக் குடும்பத்தில் வளர்ந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, பரங்கிமலையில் பயிற்சி பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன், 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரத்துச் சோபியானில் உயிர்நீத்தார். அவருக்கு அசோக சக்கர விருது வழங்கப்பெற்றது. அவரைப் போன்றோர் காத்த அமைதியில்தான் ஜினாலயங்களின் கதவுகள் அஞ்சாது திறக்கின்றன. பிறர் பிள்ளையின் காவலில் வாழ்ந்துகொண்டு, "எங்கள் கையில் இரத்தமில்லை" என்று பெருமை கொள்வது கொல்லாமை ஆகாது. பிள்ளையை அனுப்புவதும் அனுப்பாததும் அவ்வக் குடும்பத்தின் முடிவு. ஆனால் அனுப்பிய குடும்பத்தைத் தாழ்வாக எண்ணும் உரிமை எவருக்கும் இல்லை.

காவல் வேண்டும், அதற்கு அளவும் வேண்டும். காப்பவன் உயிரைப் பேணும் செலவு குறையாதிருக்கட்டும். பேச்சுக்கான செலவு பெருகட்டும். செருக்குக்கான செலவு சுருங்கட்டும். கொலைக்கருவி வணிகம் ஒழியட்டும். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வாசலுக்கு வருவோரிடம், "படைச் செலவுக்கு உங்கள் எல்லை எது?" என்று ஒவ்வொரு சமணக் குடும்பமும் வினவுமாயின், அது பகவான் மகாவீரருக்குச் செய்யும் வழிபாடுகளுள் ஒன்றாகும்.

அறம் வளர்க! எல்லா உயிர்களும் அச்சம் நீங்கி வாழ்க!