பிகிள்ஸ் என்னும் விமானி

1932ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இங்கிலாந்திலே 'பொப்பியுலர் ஃப்ளையிங்' என்ற பெயருடன் விமானக்கலை பற்றிய மாத சஞ்சிகையொன்று வெளிவரத் தொடங்கியது. அதன் ஆசிரியர் தாமே ஒரு சிறுகதையை எழுதி அதிற் சேர்த்திருந்தார். அக்கதையிலே முதன்முதலாகத் தோன்றிய இளம் விமானியின் பெயர் ஜேம்ஸ் பிகிள்ஸ்வேர்த். தோழர்கள் அவனைப் பிகிள்ஸ் என்று சுருக்கி அழைத்தனர். அவ்வாண்டிலேயே அவனைப் பற்றிய கதைகள் திரட்டப்பட்டு முதல் நூலாக வந்தன. ஆசிரியர் 1968இற் காலமாகும்வரை அத்தொடரில் ஏறக்குறைய 100 நூல்கள் வெளியாயின. ஆங்கிலம் வழங்கிய நாடுகளெங்கும் பள்ளி நூலகங்களில் அட்டை கிழிந்து, மூலை மடங்கி, கைமாறிக் கைமாறிச் சென்ற அந்நூல்களை நேயர்களிற் சிலர் நினைவுகூரவுங்கூடும்.

வீரசாகசக் கதைகளிலே வரும் விமானிகள் சிறுவர் மனத்தை ஏன் இவ்வளவு காலம் பிடித்து வைத்திருக்கின்றனர்? வேகத்தின் மோகம் என்பர் சிலர். ஆகாயத்தின் மாயம் என்பர் வேறு சிலர். இவ்விடைகளில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இவை போதா. துணி போர்த்த இறக்கைகளையுடைய பழைய விமானம், தாரை விமானத்தின் காலத்திற் பிறந்த சிறுவனுக்கு என்ன மாயத்தைக் காட்டிவிடும்? ஆயினும் அவனும் முதலாவது உலக யுத்தத்துப் பிகிள்ஸைத் தேடிப் படித்தான். காரணத்தை யந்திரத்தில் அன்று, அதைச் செலுத்தியவனிடத்திலே தேடவேண்டும்.

முதற் கதையிலே அப்பிள்ளை எப்படித் தோன்றுகிறான் என்று பாருங்கள். இருபது வயது நிரம்பாதவன். ஆனால் ஒரு விமானப் பிரிவுக்குத் தலைவன். வெளிறிய முகத்திலே யுத்தத்தின் களைப்புக் கோடிட்டிருக்கிறது. கண்கள் ஓரிடத்தில் நிலைப்பதில்லை; மெல்லிய கைகள் சட்டையின் கழுத்துப் பட்டியை ஓயாது தடவிக்கொண்டேயிருக்கின்றன. அட்டைப் படத்திலே மார்பு நிமிர்த்தி நிற்கும் வீரனுக்கும் இவனுக்கும் வெகுதூரம். இவன் அஞ்சுகிறவன், அஞ்சியும் மறுநாட் காலை விமானத்தில் ஏறுகிறவன்.

அந்த அச்சம் கற்பனையன்று. கதாசிரியர் வில்லியம் ஏர்ல் ஜோன்ஸ் 1893இற் பிறந்தவர். கலிப்போலியிலும் சலோனிக்காவிலும் தரைப்படை வீரராக இருந்து, மலேரியாவால் வருந்தி, 1917இற் பறக்கும் படையைச் சேர்ந்தார். பயிற்சியாளராகப் பணிபுரிந்தபோது மூன்று நாட்களில் மூன்று விமானங்களை நாசமாக்கினார் என்பது அவர் சரிதத்தில் வேடிக்கையான பகுதி. யந்திரம் நின்றதனால் ஒன்று கடலிலும், ஒன்று மணலிலும், மற்றொன்று சக அதிகாரி ஒருவரின் வீட்டுப் பின்கதவிலும் போய் விழுந்தன. அடுத்த பகுதியில் வேடிக்கை எதுவுமில்லை. 1918 செப்டெம்பர் 16ஆந் தேதி மன்ஹைம் நகர்மீது குண்டு வீசப் புறப்பட்ட அவருடைய விமானத்தை ஜேர்மானியர் சுட்டு வீழ்த்தினர். உடன் சென்ற துணைவர் மாண்டார். ஜோன்ஸ் உயிர் தப்பிச் சிறைப்பட்டு, யுத்தம் முடியும்வரை ஜேர்மனியில் இருந்தார். நூல்களின் அட்டையிலே 'கப்டன்' என்று போட்டுக்கொண்டாரேயன்றி, அவர் அப்பதவியை என்றும் வகித்தவரல்லர். அது சிறு பொய். எழுதிய அச்சத்திலே பொய்யில்லை.

அக்கால விமானிக்கு அஞ்சுவதற்கு வேண்டிய காரணங்கள் இருந்தன. பிகிள்ஸ் செலுத்திய சொப்வித் காமெல் 1917இற் களத்துக்கு வந்தது. துப்பாக்கிகளை மூடிய தகடு திமில்போற் புடைத்திருந்ததால் அதற்கு ஒட்டகம் என்ற பெயர் ஏற்பட்டது. அதன் யந்திரம் முழுவதும் முன்சுழலியோடு சேர்ந்து சுழலும். அதனால் விமானம் வலப்பக்கம் மின்னலெனத் திரும்பும். போரிலே அது பெரும் அனுகூலம். பழக்கமற்ற கைக்கோ அதுவே எமன். தரையைவிட்டு எழும்பிய சில கணங்களிலே சுழன்று விழுந்து மாண்ட பயிற்சி மாணவர் பலர். மேற்கூரையில்லாத ஆசனத்திலே குளிர் எலும்பை ஊடுருவும். யந்திரத்திலிருந்து சிதறும் ஆமணக்கெண்ணெய் முகத்திற் படியும். அந்த யுத்தத்திலே பிரித்தானிய விமானப் போர்வீரருக்குப் பரசூட் வழங்கப்படவில்லை. விமானம் தீப்பற்றினால் குதிப்பதா, எரிவதா என்ற தெரிவொன்றே எஞ்சியது. இவற்றையெல்லாம் ஜோன்ஸ் ஆரவாரமின்றி, தொழிலாளி தன் தொழிலைச் சொல்வதுபோலச் சொல்லிச் செல்கிறார். படிக்கும் சிறுவனை அவர் குழந்தையாக நடத்தவில்லை. இந்த மரியாதையைச் சிறுவர் விரைவிற் கண்டுகொள்வர்.

பிற்காலப் பதிப்பாளர் இதை உணர்ந்தாரில்லை. இரு விமான அணிகள் ஒரு பெட்டி விஸ்கியைப் பந்தயமாக வைத்துப் போட்டியிடும் கதையொன்றுண்டு. சிறுவர் பதிப்பிலே விஸ்கி எலுமிச்சம் பானமாகிவிட்டது! மரணத்தின் வாயிலே நாள்தோறும் நிற்கும் இளைஞர் எலுமிச்சம் பானத்துக்காக உயிரைப் பணயம் வைப்பதை எந்தச் சிறுவன்தான் நம்புவான்?

ஜோன்ஸிடத்திலே பெருங் குறையொன்றும் உண்டு. அதை மறைத்துப் பேசுதல் நியாயமன்று. யுத்தக்களத்தை விட்டுப் பிகிள்ஸ் உலகஞ்சுற்றப் புறப்பட்டபின், ஆபிரிக்கரும் ஆசியரும் தென்கடல் தீவினரும் அக்கதைகளிற் பல இடங்களிலே இழிவாகச் சித்திரிக்கப்பட்டனர். பிகிள்ஸ் இந்தியாவிற் பிறந்தவன் என்று எழுதிய ஆசிரியர், இந்தியரை ஆளுவோரின் கண்ணாலேயே கண்டார். இதனாற் சில நூலகங்கள் இந்நூல்களை ஒதுக்கின. ஜோன்ஸ் தாம் அனுபவித்ததை எழுதிய பக்கங்கள் இன்றும் உயிரோடிருக்கின்றன. கேள்வியையும் செருக்கையுங் கொண்டு எழுதியவை வாடிவிட்டன.

இக்கதைகள் சிறுவரை யுத்தத்துக்கு இழுத்தன என்ற குற்றச்சாட்டும் எழுந்ததுண்டு. 1930களில் இவற்றைப் படித்தவர் சிலர் 1940இல் விமானப் படையில் இருந்தனர் என்பது உண்மையே. ஆனால் அதே ஜோன்ஸ் தம் சஞ்சிகையின் ஆசிரியத் தலையங்கங்களில், வான்படையை ஆயத்தமின்றி வைத்திருந்த அரசாங்கத்தைக் கடிந்து எழுதிவந்தவர்; 1939இல் அப்பதவியை இழந்தவர். யுத்தத்தை விளையாட்டென்று எண்ணியவருக்கு அந்தக் கோபம் வந்திராது. யுத்தம் மூண்டபின் வொரல்ஸ் என்னும் பெண் விமானியையும் அவர் படைத்தார். அதனாற் சிறுமியருக்கும் ஒரு நாயகி கிடைத்தாள்.

பிகிள்ஸின் நெடுங்கதையிலே இன்னும் இருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். முதல் நூலிலேயே மரீ ஜானிஸ் என்ற பெண்ணிடம் அவன் மனத்தைப் பறிகொடுக்கிறான். அவள் ஜேர்மன் ஒற்றர் என்பது பின்னர் தெரியவருகிறது, இருவரும் பிரிகின்றனர். மற்றவன் எரிக் வொன் ஸ்டால்ஹைன். 1935இல் வெளியான நூலில், பாலஸ்தீனத்தில், பிகிள்ஸுக்கு எதிரியாக வந்தவன். நூலுக்கு நூல் அவன் உயிரைக் குறிவைத்தவன். அவனைத் தன் தரப்பினரே கைவிட்டுச் சகலின் தீவிற் சிறைவைத்ததாக 1958இல் ஒரு நூல் எழுதப்பட்டது. அச்செய்தி அறிந்த பிகிள்ஸ் தோழரோடு சென்று, பழைய எதிரியைச் சிறையிலிருந்து மீட்டுக்கொண்டு வருகிறான். 1965இல் வெளிவந்த நூலிலே மரீ பொஹீமியாவில் அடைபட்டிருப்பது தெரிகிறது. அவளை விடுவிக்க இருவர் புறப்படுகின்றனர்: ஒருவன் பிகிள்ஸ்; அவனருகே வருகிறவன் வொன் ஸ்டால்ஹைன்.