கடிதம் போட்டு வீடு வாங்குவது
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் பேசியது)

"மெஷின் பத்தி எல்லாரும் பேசுவாங்க, நீ உன் வீட்டு வியாபாரத்தைப் பேசு"ன்னு செயலாளர் அண்ணன் சொல்லிவிட்டார். அதனால் தைரியமாக வந்திருக்கிறேன்.

டெக்சாஸ் மாநிலம் டாலஸில் வேலை பார்க்கிறேன். சனி, ஞாயிறுகளில் பழைய வீடுகளை வாங்கி, பழுதுபார்த்து விற்பது என் பக்கத்தொழில். அவசரமாக விற்க நினைப்பவரை எப்படிக் கண்டுபிடிப்பது? நம்ம ஊரில் புரோக்கரிடம் சொல்லி வைப்போம். அங்கே நேராகக் கடிதம் போடுகிறோம்.

யார் பேரில் வீடு, வரிச்சீட்டு எந்த முகவரிக்குப் போகிறது என்பதெல்லாம் கவுண்டி மதிப்பீட்டு அலுவலகப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வீடு ஓரிடம், சீட்டு போவது வேறிடம் என்றால் உரிமையாளர் பெரும்பாலும் அங்கே குடியில்லை. ஜனவரி 31-க்குள் வரி கட்டாதவர் பாக்கிதாரர். இப்படிச் சலித்து எடுத்த பட்டியல்தான் முதல். கடிதத்தின் அழகெல்லாம் பிறகு. தபால்தலையில் சிக்கனம் பார்க்காதீர்கள். முதல் வகுப்புத் தபால் என்றால் முகவரி தப்பானால் திரும்பி வரும், பட்டியலைத் திருத்திக்கொள்ளலாம். ஒரு தடவை போட்டுவிட்டு உட்கார்ந்தாலும் பிரயோஜனமில்லை. நான் முதலில் போட்ட 500 கடிதத்துக்கு மூன்று போன் வந்தது. அதில் இரண்டு, திட்டுவதற்கு!

உறையைப் பிரிக்க வைக்க வேண்டுமே என்று, அரசாங்க நோட்டீஸ் மாதிரியே அச்சடித்தேன். போன் கூடியது. சந்தோஷப்பட்டேன்.

ஒருநாள் ஓர் அம்மா பேசினார். எழுபது தாண்டியவர், தனியாக இருப்பவர். இரண்டு வருஷ வரி பாக்கி. "வீட்டைக் காலி பண்ண எத்தனை நாள் தருவீங்க?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. என் உறையைப் பார்த்து, ஜப்திக்கு வந்துவிட்டார்கள் என்றே நினைத்திருக்கிறார். அந்த நிமிஷம் என்ன விலை சொல்லியிருந்தாலும் கொடுத்திருப்பார்.

நான் யார் என்பதைச் சொன்னேன். டெக்சாஸில் 65 வயது நிறைந்தவர், குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு மதிப்பீட்டு அலுவலகத்தில் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் வரி வசூலைத் தள்ளிவைக்கலாம். வட்டி ஏறும், ஆனால் அவர் குடியிருக்கும்வரை வரிக்காக வீட்டை ஏலம் விட முடியாது. அதையும் சொன்னேன். வியாபாரம் போச்சு. "இதுக்குத்தான் தபால்தலை ஒட்டினீங்களா?"ன்னு வீட்டில் கேட்டார்கள்.

இப்போது உறைமேல் என் பெயரைக் கையால் எழுதுகிறேன் (ரெக்கார்டு நோட்டையே அடுத்தவனை விட்டு எழுத வைத்தவன் நான்!). முதல் வரியிலேயே, நான் அரசாங்கம் இல்லை, வீடு வாங்குகிறவன் என்று போட்டுவிடுகிறேன். போன் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆனால் வருகிற போனில் நேராக விலையைத்தான் பேசுகிறார்கள்.