இடிந்தது நம் வீடு, கணக்கெழுதுவது யார்?

(ஈஜிபுராவில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

2017 அக்டோபர் 16ஆம் நாள் காலையில், இதே ஈஜிபுராவின் குண்டப்பா லேஅவுட்டில் ஒரு மாடிவீடு எரிவாயு வெடித்து இடிந்து விழுந்தது. வாடகைக்குக் குடியிருந்த ஏழை எளிய மக்கள் இடிபாட்டில் சிக்கினார்கள். பல உயிர்கள் போயின. அந்தச் செய்தி பழையதாகிவிட்டது. ஆனால் அதே குறுகலான சந்தும், சுவரோடு சுவர் ஒட்டிய வீடும், மூலையில் சிலிண்டரும் இன்றும் நம்மோடுதான் இருக்கின்றன. ஆகவே, அப்படியொரு நாள் வந்தால் நட்டஈடு கேட்பது எப்படி, அதற்கு யாரைத் துணைக்கு அழைப்பது, யாரை வாசலிலேயே நிறுத்துவது என்பதை இன்று பேசுவோம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சமையல் எரிவாயு வாங்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் காப்பீடு இருக்கிறது. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து அதை எடுத்து வைத்திருக்கின்றன. இதற்கென நாம் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. எரிவாயுவால் விபத்து நேர்ந்து உயிர் போனால் ஆளுக்கு 6 லட்சம் ரூபாய். மருத்துவச் செலவுக்கு ஆளுக்கு 2 லட்சம் வரை, ஒரு விபத்துக்கு மொத்தம் 30 லட்சம் வரை. வீடு, பண்டபாத்திரம் சேதமானால் ஒரு விபத்துக்கு 2 லட்சம் வரை. இந்தக் கடைசித் தொகைக்கு ஒரு நிபந்தனை உண்டு: இணைப்பு எந்த முகவரியில் பதிவாகியிருக்கிறதோ, அந்த வீட்டில் நேர்ந்த சேதத்துக்கு மட்டுமே அது கிடைக்கும்.

இங்கேதான் நம்மைப் போன்றவர்களுக்குச் சிக்கல். விவேக்நகரில் வாங்கிய இணைப்பை ஈஜிபுராவுக்குத் தூக்கி வருகிறோம், முகவரியை மாற்றுவதில்லை. முகவரிச் சான்று இல்லையென்று கடையில் கள்ளத்தனமாக நிரப்பிய சின்ன சிலிண்டரை வாங்குகிறோம். மாதாமாதம் வாடகை கொடுப்பவனுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடத் தராத வீட்டுக்காரர்கள் இருக்கும் ஊரில், சான்று எங்கிருந்து வரும்? இது நம் குற்றமல்ல; ஆனால் நட்டம் நமக்குத்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இரண்டாம் உஜ்வலா திட்டத்தில், இடம்பெயர்ந்த குடும்பங்கள் முகவரிச் சான்றுக்குப் பதிலாகச் சுய உறுதிமொழி கொடுக்கலாம் என்று விதி வந்தது. கேட்காமல் எந்த விதியும் தானாக வீடு தேடி வராது, தோழர்களே!

விபத்து நேர்ந்தால் 1906 என்ற எண்ணுக்கு உடனே சொல்லுங்கள். போலீசில் புகார் எழுதுங்கள். எரிவாயு விநியோகஸ்தரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். அவர் எண்ணெய் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நிறுவனம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தச் சங்கிலி அறுந்து போகாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

அதற்குப் பிறகு மூன்று வகை ஆட்கள் வருவார்கள்.

முதலாமவர் சர்வேயர். சேதத்தை மதிப்பிட வரும் இவர் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் பெற்றவர். இவரை அனுப்புவதும், இவருக்குக் கூலி கொடுப்பதும் இன்ஷூரன்ஸ் கம்பெனி. நடுநிலையாக எழுத வேண்டும் என்பது சட்டம்; ஆனால் இவர் நாம் வைத்த ஆள் அல்ல. மரியாதையாகப் பேசுங்கள், உரிம எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள். அவர் வருமுன் நீங்களே பட்டியல் எழுதி வையுங்கள்: தையல் மெஷின், பீரோ, மிக்சி, பிள்ளைகளின் புத்தகம், எதையும் விடாதீர்கள். படம் எடுத்து வையுங்கள். அவர் எழுதியது குறைவாக இருந்தால் மனம் உடைய வேண்டாம். சர்வேயர் அறிக்கை இறுதித் தீர்ப்பு அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009இல் சொல்லியிருக்கிறது.

இரண்டாமவர் பொறியாளர் அல்லது வழக்கறிஞர். சொந்த வீட்டின் சுவரும் தூணும் விரிசல் விட்டிருந்தால், தகுதி பெற்ற கட்டடப் பொறியாளரிடம் பழுதுபார்ப்பு மதிப்பீடு வாங்குவது பயன் தரும். பாத்திரம், துணிமணி போன வாடகைக் குடும்பத்துக்கு அந்தச் செலவு தேவையில்லை. வழக்கறிஞரைப் பொறுத்தவரை ஒரு விதியை நினைவில் வையுங்கள்: வழக்கின் முடிவைப் பொறுத்துக் கூலி பேசுவதும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் இந்தியாவில் வழக்கறிஞர்களுக்குத் தடை செய்யப்பட்டவை. "ஜெயித்தால் பாதி எனக்கு" என்று சொல்பவர் தம் தொழில் விதியையே மீறுகிறார். அவர் உங்களுக்கு மட்டும் நேர்மையாக இருப்பாரா?

மூன்றாமவர் தரகர். "நமக்கு உள்ளே ஆள் இருக்கிறது, கையெழுத்து மட்டும் போடுங்க" என்று தேனொழுகப் பேசுவார். நம் தமிழிலேயே பேசுவார், அதுதான் ஆபத்து. அமெரிக்காவில் பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று நட்டஈடு பேசுவதற்கென்றே மாநில அரசுகளிடம் உரிமம் பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள். நம் நாட்டில் அப்படியொரு உரிமம் இல்லை. ஆகவே "கிளெய்ம் கன்சல்டன்ட்" என்ற அட்டையை நீட்டுபவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். உங்கள் உரிமம் என்ன? கூலி எவ்வளவு, அதை எழுதித் தருவீர்களா? பணம் யார் கணக்குக்கு வரும்? மூலப் பத்திரங்கள் யாரிடம் இருக்கும்? பணம் நம் வங்கிக் கணக்குக்கு நேராக வர வேண்டும். மூலப் பத்திரம் நம் பெட்டியில் இருக்க வேண்டும். வெற்றுத் தாளில், வாசிக்கத் தெரியாத கன்னட, ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ கூடவே கூடாது. "முழுத் தொகையும் பெற்றேன்" என்ற ரசீதில் மிரட்டியோ ஏமாற்றியோ கையெழுத்து வாங்கியிருந்தால், மிச்சத்துக்கு வழக்காட உரிமை உண்டு என்று 1999இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் மிரட்டினார்கள் என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

சரி, பணமில்லாதவர் எங்கே போவது? நியாயமான கேள்வி. 1987ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும், பேரிடரில் பாதிக்கப்பட்டோருக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு. எண் 15100. நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம். ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். சொந்தப் பெயரில் வீட்டுக் காப்பீடு எடுத்திருப்பவர்கள் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் முறையிடுங்கள். மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் இல்லாமல் போனாலோ, ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் என்னும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கர்நாடகத்துக்கான அலுவலகம் இதே பெங்களூரில், ஜே.பி. நகரில் இருக்கிறது. அங்கே கட்டணம் இல்லை. வழக்கறிஞருக்கும் தரகருக்கும் இடமில்லை. வாடகைக்கு இருப்பவரும் வீட்டுச் சாமான்களுக்கு மட்டும் காப்பீடு எடுக்கலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

தோழர்களே! இந்த நகரத்தின் மாடிகளுக்குச் சித்தாளாகக் கல் சுமந்தவர்கள் நாம். நம் தலைமேல் கூரை விழும்போது நம் இழப்பை யாரோ எழுதி, யாரோ வாங்கிப் போவதை இனியும் பார்த்துக்கொண்டிருக்கலாமா? ஒவ்வொரு சந்திலும் கன்னடமும் ஆங்கிலமும் படித்த நம் பிள்ளைகள் இரண்டு பேர் முன்வர வேண்டும். எரிவாயு இணைப்பு யார் பெயரில், எந்த முகவரியில் இருக்கிறது, ரப்பர் குழாய் எப்போது மாற்றியது என்று வீடு வீடாக ஒரு நோட்டில் எழுத வேண்டும். அந்த வேலை இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கட்டும். சேர்ந்து நின்று கேட்பவனைத் தரகனும் நெருங்க மாட்டான், அதிகாரியும் அலைக்கழிக்க மாட்டான்.