ஆக்ஸ்ஃபோர்டில் அக்டோபர் பிறந்தால்



நம் ஊர்க் கல்லூரிகள் ஜூன், ஜூலையில் திறந்துவிடும். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் கல்வியாண்டு தொடங்குவது அக்டோபரில், மரங்கள் இலையுதிர்க்கும் பருவத்தில். மைக்கேல்மஸ் எனப்படும் அந்த முதல் பருவம் எட்டு வாரம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலக ஊழியர்களுக்கு அந்த எட்டு வாரமும் மூச்சுவிட நேரமிருக்காது.

வெளியிலிருந்து வரும் வாசகர் உறுப்பினர் அட்டை வாங்குமுன் ஓர் உறுதிமொழியை வாய்விட்டுப் படிக்க வேண்டும். நூலை வெளியே கொண்டுபோக மாட்டேன், கிறுக்க மாட்டேன், சேதப்படுத்த மாட்டேன், உள்ளே நெருப்பு மூட்ட மாட்டேன் என்று சொல்ல வேண்டும். அவரவர் தாய்மொழியிலேயே சொல்லட்டும் என்று நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் அதைப் பெயர்த்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் சொல்வதையும் ஓர் ஊழியர் எதிரே உட்கார்ந்து கேட்கிறார்.

இதை வெறும் சடங்கென்று தள்ளிவிட முடியாது. சர் தாமஸ் போட்லி புதுப்பித்த இந்த நூலகம் 1602 நவம்பர் 8 அன்று திறந்தது. அன்றிலிருந்து 1845 வரை அங்கே கணப்பு வசதி கிடையாது. 1929 வரை செயற்கை விளக்கும் கிடையாது. நவம்பரில் அந்த ஊரில் மாலை சீக்கிரமே இருட்டிவிடும். விரல் விறைக்கும் குளிரிலும் ஊழியர்கள் தலைமுறை தலைமுறையாக நெருப்பை அண்டவிடாமல் காத்தார்கள். அந்தப் பிடிவாதத்தை நான் மனதார வணங்குகிறேன்.

இன்றைய ஊழியர்களின் பாடு வேறு. பிரிட்டனில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி கேட்டுப் பெறும் உரிமை போட்லியனுக்கு உண்டு. 1610இல் லண்டன் பதிப்பாளர் சங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தில் தொடங்கிய வழக்கம் அது. கிறிஸ்துமஸ் விற்பனைக்காக அங்கே அக்டோபரில் புத்தகங்கள் கொட்டும். இத்தனை நூல்களுக்கும் ஊருக்குள் இடமேது? ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தள்ளி, ஸ்விண்டன் நகரருகே 2010இல் ஒரு பெரிய கிடங்கைத் திறந்தார்கள். அங்கே நூல்களைப் பொருள்வாரியாக அடுக்குவதில்லை, அளவுவாரியாக அடுக்குகிறார்கள். உயரம் ஒன்றாயிருந்தால் வேதியியலும் சமையலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எது எங்கே என்பது பார்கோடுக்குத்தான் தெரியும். மாணவர் கேட்ட நூலை ஊழியர் தூக்குவண்டியில் ஏறி, பல ஆள் உயரத் தட்டிலிருந்து எடுத்து, வேனில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்புகிறார். படித்து முடித்ததும் அது அதே தட்டுக்குத் திரும்ப வேண்டும். தட்டு மாறிவிட்டால், லட்சக்கணக்கான நூல்களுக்கு நடுவே அதைத் தேடுவது பெரும்பாடு.

நம் ஊர் நூலகங்களிலும் இதே கதைதான். அதனால் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். அலமாரியிலிருந்து எடுத்துப் படித்த புத்தகத்தை, இடம் உறுதியாகத் தெரியாவிட்டால் நீங்களாக எங்கேயும் செருகாதீர்கள். மேசையிலேயே விட்டுவிடுங்கள். நூலக ஊழியர் அதை உரிய இடத்தில் வைப்பார். அடுத்து வருபவருக்கு அது கிடைக்கும்.