வீட்டில் செய்த சீஸ்கேக்கை உறைய வைத்துப் பாதுகாத்தல்



சென்ற தீபாவளிக்கு மூன்று வாரங்கள் இருந்தபோது, எங்கள் தோட்டப் பள்ளி மாணவி ஒருத்தியின் தாயார் என்னைப் பார்க்க வந்தார். தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்பவர். மாலையில் வீடு திரும்பிய பின் கேக் சுட்டு விற்பார்.

"டீச்சர், பன்னிரண்டு சீஸ்கேக்குக்கு ஆர்டர் வந்திருக்கிறது. வேலைக்கும் போய்க்கொண்டு, கடைசி இரண்டு நாளில் அத்தனையையும் சுட என்னால் முடியாது. இப்போதே சுட்டு ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டால் கெடாதா? போன வருடம் இரண்டு கேக்கைக் குப்பையில் கொட்டினேன். பிள்ளையின் பள்ளிச் சீருடைக்கு வைத்திருந்த காசு அது" என்றார்.

ஒரு வீட்டின் வருமானமும், அந்தக் கேக்கை உண்ணப்போகும் பிள்ளைகளின் வயிறும் அந்தக் கேள்வியில் அடங்கியிருந்தன. அவருக்குச் சொன்ன பதிலையே இன்று உங்களுக்கும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

சீஸ்கேக்கைத் தாராளமாக உறைய வைக்கலாம். இது புதிய செய்தியன்று. அமெரிக்காவின் சிகாகோ நகரில் ரொட்டிக்கடைகள் நடத்திய சார்லஸ் லூபின் என்பவர், 1949ஆம் ஆண்டில் தம் மகள் சாரா லீயின் பெயரைச் சூட்டிச் சீஸ்கேக் விற்கத் தொடங்கினார். தொலைவிலுள்ள ஊர்களுக்கும் அனுப்ப வேண்டி வந்தபோது, 1950களின் தொடக்கத்தில் அதை உறைய வைத்தே அனுப்பினார்.

ஆனால் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். குளிர், கிருமிகளை உறங்க வைக்கிறது, கொல்வதில்லை. உறைபெட்டிக்குள் போகுமுன் கேக்கில் எத்தனை கிருமிகள் இருந்தனவோ, பெரும்பாலும் அத்தனையும் வெளியே வரும்போது விழித்துக்கொள்ளும். வெளியே கிடந்து கெடத் தொடங்கிய பண்டத்தை உறைபெட்டி நல்லதாக்கிவிடாது.

கிருமிகளுக்கு மிகவும் பிடித்த வெப்பம் 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸ் வரை. நம் நாட்டில் பகல் வெப்பம் 32, 33 டிகிரியை எளிதில் தொட்டுவிடுகிறது. பாலும் முட்டையும் சேர்ந்த பண்டத்தைச் சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது. 32 டிகிரியைத் தாண்டிய வெயில் நாளில் ஒரு மணி நேரமே எல்லை. தீபாவளியன்று காலை பத்து மணிக்கு விருந்தினர் மேசையில் வைத்த கேக்கை, மாலை நான்கு மணிக்கு மூடி மீண்டும் உறைபெட்டியில் வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பார்வைக்கும் வாசனைக்கும் நன்றாகவே இருக்கும், வயிற்றுக்குத்தான் தெரியும். சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே வெட்டிய கேக்கைச் சிறிது சிறிதாக மேசைக்குக் கொண்டுவாருங்கள். மீதி குளிரிலேயே இருக்கட்டும்.

இனி, உறைய வைக்கும் முறையைப் பார்ப்போம். நானும் தவறு செய்து கற்றவள்தான். முதன்முறை சுட்ட கேக்கைச் சூடு ஆறுமுன் ஒரே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மீனுக்குப் பக்கத்தில் உறைய வைத்தேன். பத்து நாள் கழித்து எடுத்தால், மேலே பனி பூத்திருந்தது. அடியிலிருந்த பிஸ்கட் ஊறிக் கூழாகியிருந்தது. வாயில் வைத்தால் மீன் வாடை! ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்ததெல்லாம் அன்று எனக்குக் கைகொடுக்கவில்லை.

ஏன் அப்படி ஆயிற்று? சூடான கேக்கிலிருந்து எழும் நீராவி பைக்குள்ளேயே தங்கிப் பனியாக மாறுகிறது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு பருத்துவிடும். மெதுவாக உறைந்தால் பனித்துகள்கள் பெரிதாக வளர்ந்து, பண்டத்தின் மென்மையைக் குலைக்கும். தயிரை உறைய வைத்து எடுத்தால் தண்ணீர் தனியாகப் பிரிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிரீம் சீஸில் கொழுப்பு மிகுதி. கேக்கில் சர்க்கரையும் சேர்கிறது. அதனால் சீஸ்கேக் தயிரைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் அந்தக் கொழுப்பே சுற்றியுள்ள வாடையையும் உறிஞ்சிக்கொள்ளும். கருவாடு, பெலாச்சான், டுரியான் இவற்றின் பக்கத்தில் கேக்கை வைக்காதீர்கள்.

சரியான முறை இது. சுட்ட கேக்கை ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். பிறகு குளிர்பதனப் பெட்டியின் கீழ்ப்பகுதியில் ஓர் இரவு வைத்துக் கெட்டியாக்குங்கள். மறுநாள், முழுதாகவோ துண்டுகளாக வெட்டியோ, ஒரு தட்டில் வைத்து, மூடாமல் உறைபெட்டியில் ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் வையுங்கள். மேற்புறம் இறுகிவிடும். அதன் பின் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் காற்றிடை இல்லாமல் இறுக்கிச் சுற்றுங்கள். அதன் மேல் அலுமினியத் தாள் ஒரு சுற்று. கடைசியாக மூடியுள்ள டப்பா. வெளியே தேதியை எழுதி ஒட்டுங்கள்.

பழமும் சாஸும் பரிமாறும் நாளில்தான் மேலே போட வேண்டும். இன்னொன்று: சுடாமல் செய்யும் சீஸ்கேக்கில் ஜெலட்டினுக்குப் பதிலாக அகார் அகார் சேர்ப்பவர்கள் நம்மில் பலர். அகார் அகார் உறைந்து இளகினால் தன்னுள் இருக்கும் தண்ணீரைக் கக்கிவிடும். அத்தகைய கேக்கை உறைய வைக்காமல், செய்த ஓரிரு நாளில் உண்டுவிடுவதே நல்லது.

எத்தனை நாள் தாங்கும்? 4 டிகிரியில் இருக்கும் குளிர்பதனப் பெட்டியில் நான்கு, ஐந்து நாள். பூச்சியத்துக்குக் கீழே 18 டிகிரியில் இருக்கும் உறைபெட்டியில் இரண்டு மாதம் வரை சுவை குன்றாது. ஒற்றைக் கதவுள்ள பழைய பெட்டிகளின் ஐஸ் அறை அவ்வளவு குளிராது. அதன் கதவில் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நட்சத்திரம் என்றால் பூச்சியத்துக்குக் கீழே 6 டிகிரி. இரண்டு என்றால் 12. மூன்று என்றால் 18. ஒரு நட்சத்திரப் பெட்டியில் ஒரு வாரத்துக்கு மேல் நம்பி வைக்காதீர்கள்.

உறைந்த கேக்கை இளக வைப்பதிலும் அவசரம் கூடாது. முதல் நாள் இரவே உறைபெட்டியிலிருந்து எடுத்துக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், சுற்றிய தாளைப் பிரிக்காமல் வையுங்கள். நீர் முத்துகள் தாளின் வெளிப்புறத்தில் படியும், கேக் நனையாது. சமையலறை மேசையில் வைத்து இளக்கினால், உள்ளே உறைந்திருக்கும்போதே வெளிப்புறம் கிருமிகளுக்கு விருந்தாகிவிடும்.

மின்தடை வந்தால் என்ன செய்வது? இதற்குச் சென்னையிலே ஒரு பழைய சான்று உண்டு. 1833ஆம் ஆண்டில் பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர், கல்கத்தாவுக்குக் கப்பலில் ஐஸ்கட்டிகளை அனுப்பினார். ஏற்றியது 180 டன். நான்கு மாதப் பயணத்துக்குப் பிறகும் ஏறக்குறைய 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் அவருடைய நிறுவனம் 1842இல் கட்டிய 'ஐஸ் ஹவுஸ்'தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். மின்சாரமே இல்லாத காலத்தில் ஐஸ் எப்படித் தாங்கியது? கட்டிகளை நெருக்கி அடுக்கி, மரத்தூள் போன்றவற்றால் வெப்பம் புகாமல் காத்தார்கள். அதே பாடம் நமக்கும் பொருந்தும். நிறைந்த உறைபெட்டி, கதவைத் திறக்காவிட்டால், சுமார் 48 மணி நேரம் குளிரைக் காக்கும்; பாதி நிறைந்தது 24 மணி நேரம். கீழ்ப்பகுதியோ நான்கு மணி நேரமே தாங்கும்.

ஊருக்குப் போகும்போது ஓர் எளிய உபாயம்: ஒரு கிண்ணம் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்க்கையில் நாணயம் அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாத வேளையில் எல்லாம் இளகி மீண்டும் உறைந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கேக்கை யாருக்கும் கொடுக்காதீர்கள். கிள்ளானுக்குக் கேக் கொண்டுபோய்க் கொடுப்பவர்களும் ஐஸ் பைகளோடு மூடிய பெட்டியில் வைத்தே கொண்டுபோக வேண்டும். காரின் பின்புறப் பெட்டி வெயிலில் அடுப்பைப் போன்றது.

விற்பனைக்குச் செய்பவர்கள், 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகள் சொல்லும் உணவு கையாளுவோர் பயிற்சியையும் தடுப்பூசியையும் தவறாமல் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதையும் நினைவூட்டுகிறேன்.

அந்தத் தாயாரிடம், "முதலில் ஒரு சிறிய கேக்கை உறைய வைத்து, ஒரு வாரம் கழித்து நீங்களே உண்டு பாருங்கள்" என்றேன். அப்படியே செய்தார். பிறகு வார இறுதிகளில் நான்கு நான்காகச் சுட்டார். தீபாவளிக்கு முதல் நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பன்னிரண்டு பெட்டிகளிலும் தேதி ஒட்டியிருந்தது. குண்டு குண்டான அந்தக் கையெழுத்தை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். என் வகுப்பு மாணவியின் கையெழுத்து. அந்த வருடம் குப்பைக்கு ஒன்றும் போகவில்லை.

நேயர்களே, நீங்களும் அந்தச் சிறுமியைப் போலத் தேதி எழுத மறவாதீர்கள்.