இரும்புப் பெட்டி வீடாகுமா?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில், குடியிருப்போர் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



மும்பைத் தமிழனுக்கும் தகரத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து தோல் பதனிட்ட நம் முன்னோர் காலந்தொட்டு அது நம்மோடு வருகிறது. ‘பத்ரா’ என்பது இந்த ஊர் மொழியில் நாம் கற்றுக்கொண்ட முதல் சொற்களில் ஒன்று. இன்றும் நம்மில் பலர் வீட்டு மாடி அறைக்குச் சுவரும் பத்ராதான், கூரையும் பத்ராதான். இரும்பு வீட்டின் சுகத்தையும் துக்கத்தையும் நமக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் இப்போது அதே இரும்பு கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு நம் வாசலில் வந்து நிற்கிறது. கப்பலில் சரக்கு ஏற்றும் கண்டெய்னர் பெட்டியைச் சன்னல் வெட்டி, கதவு வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஏழைக்கு மலிவான வீடு கிடைத்துவிடும் என்கிறார்கள். செங்கல் வேண்டாம், மணல் வேண்டாம், பத்து மாதம் காத்திருக்க வேண்டாம் என்கிறார்கள். நாவா சேவா துறைமுகத்தில் அந்தப் பெட்டிகளை நாள்தோறும் பார்ப்பவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். “பெட்டிக்குள்ளே நம்மைப் பூட்டப் பார்க்கிறார்களா?” என்று ஒரு தாய் எங்களைக் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறோம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெட்டி வேண்டாம் என்பது நம் கட்சி அல்ல. பெட்டியை மட்டும் கொடுத்து அனுப்பிவிடாதே என்பதே நம் கட்சி.

இந்தச் சரக்கின் பிறப்பைக் கொஞ்சம் பார்ப்போம். நெளிவு வைத்த இரும்புத் தகட்டுக்கு உரிமம் வாங்கியவர் லண்டன் துறைமுகப் பொறியாளர் ஹென்றி பாமர், ஆண்டு 1829. கண்டெய்னர் கப்பல் போக்குவரத்தைத் தொடங்கியவர் லாரி முதலாளியாக இருந்த மால்கம் மெக்லீன். 1956ல் அமெரிக்காவின் நூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளோடு முதல் கப்பலை விட்டார். தகடு துறைமுகக் கொட்டகைக்காகப் பிறந்தது. பெட்டி சரக்குக்காகப் பிறந்தது. இரண்டும் மனிதன் குடியிருப்பதற்காகப் பிறந்தவை அல்ல. ஆனாலும் மனிதன் குடியிருந்திருக்கிறான். எங்கே நன்றாக இருந்தான், ஏன் நன்றாக இருந்தான் என்பதுதான் நமக்குப் பாடம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். குண்டு வீச்சில் பிரிட்டனில் லட்சக்கணக்கான வீடுகள் நாசமாகிக் கிடந்தன. 1944ல் அந்நாட்டு அரசு தற்காலிக வீடுகளுக்கென்று ஒரு சட்டம் செய்தது. அதன்படி ஏறத்தாழ 1,56,000 வீடுகள் தொழிற்சாலையில் செய்யப்பட்டு நிறுத்தப்பட்டன. அவற்றில் 54,000க்கு மேற்பட்டவை அலுமினிய வீடுகள். போர் விமானம் செய்த தொழிற்சாலைகளே அவற்றைச் செய்தன. ஒரு வீடு நான்கு துண்டுகளாக லாரியில் வந்து இறங்கும். துண்டுகளைச் சேர்த்து முடுக்கினால் வீடு. உள்ளே இரண்டு படுக்கையறை, குளியலறை, வீட்டுக்குள்ளேயே கழிப்பிடம், வெந்நீர், சமையலறையில் குளிர்பதனப் பெட்டிகூட! பத்துப் பதினைந்து ஆண்டுக்கென்று செய்த வீடுகளில் பல, பல பத்தாண்டுகள் நின்றன. அதில் குடியிருந்த தொழிலாளிகள் பலர் விட்டுப் போக மனமில்லாமல் இருந்தார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு வீடில்லை. 1946ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பூங்கா நிலத்தில், பாதிப் பீப்பாயைக் கவிழ்த்தது போன்ற 750 குவான்செட் இரும்புக் கொட்டகைகளை நிறுத்தினார்கள். ஒன்றை இரண்டாகத் தடுத்து 1,500 குடும்பங்களைக் குடிவைத்தார்கள். நம் காலத்தில், ஆம்ஸ்டர்டாம் நகரில் 2005ஆம் ஆண்டையொட்டி ஏறக்குறைய ஆயிரம் கண்டெய்னர்களை அடுக்கி மாணவர்களுக்கு விடுதி அமைத்தார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் கழிப்பிடம், தனிச் சமையல் மேடை. எல்லாப் பெட்டிகளுக்கும் மேலே மழையையும் வெயிலையும் தாங்கத் தனியாக ஒரு கூரை.

சிந்தித்துப் பாருங்கள் தோழர்களே! இந்த மூன்று இடங்களிலும் இரும்போ அலுமினியமோ செய்தது பாதி வேலைதான். மீதி வேலையைச் செய்தது எது? நகருக்குள் நிலம். வீட்டுக்குள் குழாய். இங்கே நீ குடியிருக்கலாம் என்று எழுதிக் கொடுத்த ஏற்பாடு. இந்த மூன்றும் இருந்ததால் தகடு வீடாயிற்று. இந்த மூன்றும் இல்லாவிட்டால் பளிங்கு மாளிகையும் கொட்டகைதான்.

இனிப் பெட்டிக்குள்ளே போவோம். இருபதடிப் பெட்டி என்றால் வெளியளவு இருபதடி நீளம், எட்டடி அகலம். உள்ளே அகலம் ஏழேமுக்கால் அடிக்கும் சற்றுக் குறைவு. தரைப் பரப்பு சுமார் 150 சதுர அடி. நம் கோலிகள் பல அதைவிடச் சிறியவை, உண்மைதான். ஆனால் சாதாரணப் பெட்டியின் உள்ளுயரம் எட்டடிக்கும் குறைவு. நம் நாட்டுத் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு, குடியிருக்கும் அறைக்குப் பொதுவாகக் கேட்பது 2.75 மீட்டர், அதாவது ஒன்பதடி. ஆகவே பெட்டி வீடு என்றால், குறைந்தது ஓரடி கூடுதலான உயரப் பெட்டியையாவது கேட்க வேண்டும்.

அடுத்தது வெப்பம். பெட்டியின் சுவர் இரண்டு மில்லிமீட்டர் கனம்தான். இரும்பு, செங்கல்லைவிட ஐம்பது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். எங்களில் சிலர் கட்டிட வேலைத்தளத்தில் ஒப்பந்தக்காரர் போட்டுக் கொடுத்த தகர அறையில் குடும்பத்தோடு இருந்தவர்கள். மே மாதப் பகலில் உள்ளே இருக்க முடியாது. கோணிச் சாக்கை நனைத்துக் கூரையில் போட்டுவிட்டு, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாதி எழும்பிய கட்டிடத்தின் நிழலில் போய் உட்காருவோம். ஊருக்கெல்லாம் மாடி கட்டுகிறவன் பிள்ளை, அந்த மாடியின் நிழலுக்கு ஒதுங்கியது! அதை நாங்கள் மறக்கவில்லை. ஆகவே கூரைக்கு மேல் இடைவெளி விட்டு இன்னொரு கூரை வேண்டும். சுவருக்குள் வெப்பத் தடுப்பு வேண்டும். அந்தத் தடுப்பு நுரைப் பலகையாக இருந்தால் தீப்பிடித்து நச்சுப் புகை கக்கும். எரியாத பாறைப் பஞ்சாக இருக்க வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில் சன்னல் வேண்டும்.

மூன்றாவது மின்சாரம். இதைத் தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டும். செங்கல் வீட்டில் ஒரு வயர் கிழிந்தால் ஓரிடத்தில் ஆபத்து. இரும்பு வீட்டில் ஒரு வயர் கிழிந்தால் வீடு முழுவதும் ஷாக். கதவும் சுவரும் எமனாகிவிடும். ஒவ்வொரு பெட்டிக்கும் முறையான எர்த் இணைப்பும், மின்கசிவு கண்ட உடனே தொடர்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவியும் இல்லாமல் குடிபுகவே கூடாது.

நான்காவது தரை. கப்பல் பெட்டியின் அடித்தளம் பூச்சி அரிக்காமலிருக்க மருந்தேற்றிய பலகையாக இருப்பது வழக்கம். நம் குழந்தைகள் தவழ்வதும், நாம் பாய் விரித்துப் படுப்பதும் தரையில்தான். அந்தப் பலகையை எடுத்துவிட்டு வேறு தரை போடச் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது பலம். கண்டெய்னரின் பலம் அதன் நான்கு மூலைத் தூண்களில் இருக்கிறது. பாரம் ஏற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அந்த மூலைகள் தாங்கும். ஆனால் இரண்டு பெட்டிகளைச் சேர்த்துப் பெரிய வீடாக்க வேண்டுமென்று பக்கச் சுவரை வெட்டினால், அந்த இடத்தில் இரும்புச் சட்டம் வைத்துப் பலப்படுத்த வேண்டும். அதைச் செய்யாதவன் வீடு கட்டவில்லை, பொறி வைக்கிறான். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதையும் நாம் மறப்பதற்கில்லை. தரை மட்டத்தில் வைத்த பெட்டி அப்படிப்பட்ட நாளில் தொட்டியாகிவிடும். உயர்ந்த கான்கிரீட் மேடை வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டாம் கூரை, வெப்பத் தடுப்பு, மேடை, குழாய், சாக்கடை, எர்த், புதுத் தரை எல்லாம் சேர்ந்தால் பெட்டி பெட்டி விலைக்கு நிற்காது. இருந்தாலும் கட்டும் காலம் மிச்சம். கழற்றி வேறிடத்தில் மாட்டலாம். அவசரத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் இந்த நகரில் வீட்டை எட்டாக்கனியாக்கியது செங்கல் விலையா? இல்லை, நிலத்தின் விலை! சுவரை மலிவாக்கினேன் என்று சொல்லிக்கொண்டு நம்மை ரயிலும் போகாத தூரத்துக்குத் தள்ளினால், மிச்சம் பிடித்தது யார், இழந்தது யார்?

1981ல் இதே மும்பையில், சேலத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த நிலமற்ற கூலித் தொழிலாளி ஒருவரின் குடிசையை இடித்து, குடும்பத்தோடு சேலத்துக்கு பஸ் ஏற்றி விட்டார்கள். மனைவி மக்களை அங்கே விட்டுவிட்டு அவர் திரும்பி வந்தார். ஏன்? வேலை இங்கே இருந்தது. அவரும் சேர்ந்து போட்ட வழக்கில்தான் 1985ல் உச்ச நீதிமன்றம், உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடக்கம் என்றது. ஆனால் சட்டப்படி அப்புறப்படுத்துவதை அது தடுக்கவில்லை. கொள்கை நமக்குக் கிடைத்தது; இடம் கிடைக்கவில்லை.

‘தற்காலிகம்’ என்ற சொல் நம்மை எத்தனை காலம் ஏமாற்றியிருக்கிறது! தாராவியில் டிரான்சிட் கேம்ப் என்பது இன்று ஒரு பேட்டையின் பெயராகவே நிலைத்துவிட்டது. இந்த நகரின் இடைத்தங்கல் முகாம்களில் இருபது முப்பது ஆண்டுகளைக் கழித்த குடும்பங்கள் உண்டு. அங்கே போனவரின் பிள்ளைக்குக் கல்யாணமாகிப் பேரன் பிறந்த பிறகும் வீடு வரவில்லை. 2024ல் தாராவியில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து, நாம் எங்கே போவோம், எதில் தங்குவோம், எப்போது திரும்புவோம் என்பதே ஒவ்வொரு அடுப்படியிலும் பேச்சு. நாளை அந்த ‘எதில்’ என்ற கேள்விக்கு இரும்புப் பெட்டியைக் காட்டினால், நாம் ‘எப்போது’ என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

ஆகவே உங்கள் முன் நாங்கள் வைக்கும் கோரிக்கைகள் இவை:

ஒன்று: பெட்டி வீடு எதுவாயினும், வேலைக்கும் பள்ளிக்கும் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு: நிரந்தர வீடு தரும் தேதி எழுத்தில் இருக்க வேண்டும், தவறினால் என்ன ஈடு என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். தாள் நமக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும். குடும்பத் தலைவியின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

மூன்று: தண்ணீரும் கழிப்பிடமும் ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ளேயே இருக்க வேண்டும்.

நான்கு: இரண்டாம் கூரை, எரியாத வெப்பத் தடுப்பு, எர்த், உயர்ந்த மேடை ஆகியவற்றை நம் ஆட்களும் உடனிருந்து சரிபார்த்த பிறகே குடிபுகுவோம்.

ஐந்து: முதலில் ஒரே ஒரு பெட்டியை நம் பேட்டையிலேயே வைத்துக் காட்டட்டும். மே மாத நண்பகலில் அதில் ஒரு மணி நேரம், கதவைச் சாத்திக்கொண்டு, அதிகாரிகளும் நம்மோடு உட்காரட்டும்!

தோழர்களே, தாய்மார்களே! தகரத்தைக் கண்டு நாம் பயந்தவர்கள் அல்லர். சதுப்பு நிலத்தைக் குப்பை கொட்டி மேடாக்கி, தகரத்தை நிறுத்தி ஊராக்கியவர்கள் நாம். வீடு எதனால் செய்தது என்பதில் நமக்கு வீம்பு இல்லை. அது யாருடையது, எங்கே நிற்கிறது, எத்தனை நாளைக்கு என்பதில்தான் நமக்கு வழக்கு. யாராவது தாளை நீட்டினால் தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து படிப்போம், சேர்ந்து முடிவெடுப்போம். சரக்குக்குப் பெட்டி போதும். மனிதனுக்கு வீடு வேண்டும்.