முன்பணம் யார் தலையில் விழுகிறது?

(மம்பாவ் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் கிளைச் செயற்குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



சம்பளம், போனஸ், மருந்தகம் ஆகியவை பற்றி இந்த மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று வீடு வாங்குவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். குறிப்பாக, "முன்பணத்துக்கு உதவுகிறோம்" என்று சொல்லிக்கொண்டு வரும் வீட்டுத் தரகர்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

தோட்டத்து லயம் நமக்குச் சொந்தமன்று. உளியைக் கீழே வைக்கும் நாளில் சாவியையும் ஒப்படைக்க வேண்டியதுதான். சிரம்பானை ஒட்டிய நம் வட்டாரத்திலோ, பால்மரம் நின்ற நிலங்களில் தாமான்கள் எழும்பி நிற்கின்றன. அந்த மண்ணில் உழைத்தவனுக்கு அங்கே ஒரு வீடு வேண்டும் என்ற ஆசை நியாயமான ஆசை. தடையாக நிற்பது முன்பணம். வங்கி பொதுவாக விலையில் 90 சதவீதம் வரை கடன் கொடுக்கும். மீதி 10 சதவீதம் நம் கையிலிருந்து வரவேண்டும். 200,000 வெள்ளி வீட்டுக்கு அது 20,000 வெள்ளி. மாதச் சம்பளத்தில் அரிசியும் பள்ளிச் செலவும் போக மிச்சம் என்ன என்பது நமக்குத் தெரியும்.

இந்த இடத்தில்தான் தரகர் வருகிறார். "அண்ணே, கையில காசு இல்லன்னு கவலைப்படாதீங்க. டெப்பாசிட்ட நாங்க பாத்துக்கிறோம். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்கிறார். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை. அதை நாங்கள் சொல்கிறோம், கேளுங்கள்.

ஒரு வழி, விலையை ஏற்றி எழுதுவது. 200,000 வெள்ளி வீட்டை 222,000 வெள்ளி என்று ஒப்பந்தத்தில் எழுதுவார்கள். அதில் 90 சதவீதம் 199,800 வெள்ளி. வீட்டின் முழு விலையும் கடனாகவே கிடைத்துவிடும். முன்பணம் கட்டியதாகக் காகிதத்தில் இருக்கும், காசு கைமாறியிருக்காது.

செக்குரோல் எழுதிப் பழகிய கிராணிமார்கள் நாம். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வட்டி 4 சதவீதம், தவணை 35 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் கட்டி 180,000 வெள்ளி கடன் வாங்கினால் மாதம் ஏறத்தாழ 797 வெள்ளி கட்ட வேண்டும். தரகர் சொன்னபடி 199,800 வெள்ளி கடன் வாங்கினால் மாதம் ஏறத்தாழ 885 வெள்ளி. வித்தியாசம் 88 வெள்ளிதானே என்று எண்ணாதீர்கள். 420 மாதங்களுக்குக் கூட்டினால் அது 36,000 வெள்ளியைத் தாண்டுகிறது. 20,000 வெள்ளிக்குக் கிடைத்த உதவியின் விலை இது! 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. அந்தச் சம்பளக்காரருக்கு 797 என்பது பாதிக்குள் நிற்கிறது. 885 பாதியைத் தாண்டிவிடுகிறது. மழைக்காலத்தில் மரம் வெட்ட முடியாமல் வேலை நாள் குறைந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அதோடு முடியவில்லை. வங்கியிடம் இல்லாத விலையைக் காட்டுவது மோசடி. கையெழுத்து தரகருடையதன்று, நம்முடையது. தவணை தவறி வீடு ஏலத்துக்குப் போனால், உண்மை விலைக்குத்தான் போகும், அல்லது அதற்கும் கீழே போகும். கடனில் மீதி நம் கழுத்திலேயே தொங்கும்.

இன்னொரு வழி, முன்பணத்தைக் கைமாற்றாகத் தருவது, அல்லது வட்டிக்கடைக்காரரிடம் கூட்டிச் செல்வது. வங்கித் தவணை ஒரு பக்கமும் வட்டிக்காரர் தவணை ஒரு பக்கமும் இழுத்தால் எந்தச் சம்பளமும் நிற்காது.

தரகர் ஏன் இவ்வளவு அக்கறை காட்டுகிறார்? பழைய வீட்டு விற்பனையில் தரகுக் கூலியை வழக்கமாக விற்பவர் கொடுக்கிறார். சட்டப்படி அது விலையில் 3 சதவீதம் வரை போகலாம். விற்பனை முடிந்தால்தான் கூலி. ஆகவே முன்பணம் இல்லாமல் விற்பனை நின்றுபோனால் அவருக்கும் நட்டம். தரகர் எல்லாரும் தீயவர் என்று நாங்கள் சொல்லவில்லை. நேர்மையாகத் தொழில் செய்பவர் பலர் உண்டு. ஆனால் அவருடைய அவசரம் நம்முடைய அவசரமாகிவிடக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுத் தரகு நிறுவனம் அதற்குரிய வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். நம்மிடம் வருகிறவர் பதிவெண் உள்ள அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். பழைய வீட்டுக்கு அச்சாரமாக 2 அல்லது 3 சதவீதம் கேட்பது வழக்கம். அதை நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கில்தான் செலுத்த வேண்டும். ஆளின் சொந்தக் கணக்கில் ஒரு காசும் போடாதீர்கள். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் அச்சாரம் திரும்பி வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மேம்பாட்டாளரிடம் புதுவீடு வாங்கினால், 1989ஆம் ஆண்டு வீடமைப்பு விதிகளின்படி, ஒப்பந்தத்தில் கண்டபடியன்றி எந்தப் பெயரிலும் பணம் வசூலிக்கக் கூடாது. முதல் 10 சதவீதம் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதுதான். ஆனாலும் முன்பதிவுப் பணம் வாங்கும் வழக்கம் நிற்கவில்லை. 2021 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம், வீடு தாமதமானதற்கான இழப்பீட்டை முன்பதிவுப் பணம் கட்டிய நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆதலால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

நேரான வழிகளும் உண்டு. 2024 மே மாதம் முதல் சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிந்திருக்கிறது. அதில் 'செஜாத்தெரா' கணக்கிலிருந்து வீடு வாங்கப் பணம் எடுக்கலாம். அது நம் வியர்வையின் பணம். யாருக்கும் கடன்படத் தேவையில்லை. முதல் வீடு வாங்குவோருக்கு முழு விலைக்கும் கடன் பெற வழிசெய்யும் 'ரூமா பெர்த்தாமாக்கு' திட்டத்தை அரசாங்கம் 2011இல் கொண்டுவந்தது. நிலையான சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வீட்டுக்கடன் உத்தரவாத நிறுவனம் இருக்கிறது. முழுக் கடனானாலும் இவற்றில் பொய் விலை இல்லை. ஆயினும் தவணை கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

தோழர்களே! முன்பணம் சேர்ப்பது நமக்குப் புதிதன்று. 1950களில் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தரகர் லாபம் கண்டார். தொழிலாளி வேலையையும் லயத்தையும் இழந்தான். அப்போது, 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம் என்றார்கள். மரம் வெட்டுகிறவர்கள் கட்டினார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அந்தப் பணத்தில் வாங்கப்பட்டது. தரகர் யாரும் தரவில்லை. பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளி தந்தான். அந்தப் பாடம் ஒரு குடும்பத்துக்கும் பொருந்தும்.

ஆகவே நாங்கள் கேட்டுக்கொள்வது இதுதான். எந்தத் தாளிலும் கையெழுத்திடுமுன் அதைக் கிளைக்குக் கொண்டு வாருங்கள். ஒப்பந்தத்தில் எழுதிய விலையும் நீங்கள் பேசிய விலையும் ஒன்றா என்று சேர்ந்து படித்துப் பார்ப்போம். மாதத் தவணையைக் கணக்கிட்டுச் சொல்கிறோம். தரகரின் பதிவெண்ணைச் சரிபார்க்கிறோம். இதற்குக் கட்டணம் கிடையாது. "இன்றைக்கே போடாவிட்டால் வீடு போய்விடும்" என்று யாராவது அவசரப்படுத்தினால், போகட்டும் என்று விடுங்கள். வேறு வீடு கிடைக்கும்; முப்பத்தைந்து ஆண்டுச் சம்பளம் திரும்பக் கிடைக்காது.